கடலில்லா ஊரில் கடற்கொள்ளை

எம் ஊரின் பெயர் அம்பாசமுத்திரம். சமுத்திரம் என்னும் வடசொல்லுக்குக் கடல் என்பது பொருள். ஊரிலோ கடல் இல்லை. பொதியத்தினின்று இறங்கும் பொருநை, பாவநாசத்தில் அருவியாய் விழுந்து, எம் ஊருக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் இடையே ஓடி, நெல்லையையும் திருவைகுண்டத்தையும் கடந்து, புன்னைக்காயலில் கடல் புகும் வரையில் ஏறத்தாழ 125 கி.மீ. நடக்கின்றது. அந்நடையின் தொடக்கத்திலேயே எம் ஊர் வந்துவிடுகின்றது. இங்கு வீசுவது மலைக்காற்று, மணப்பது நெல்வயல்.

ஆயினும், கோபாலசமுத்திரம், இரவணசமுத்திரம், அம்பாசமுத்திரம் என்று எம் வட்டாரமெங்கும் கடல்களே. ஏரியையும் குளத்தையும் நம்பி எழுந்த குடியிருப்புகளுக்குப் பிற்காலத்தார் சூட்டிய வடமொழிப் பட்டங்கள் இவை. எம் ஊரின் பழம்பெயர் கல்லில் இருக்கின்றது: முள்ளிநாட்டு இளங்கோக்குடி. வரகுண பாண்டியன் தொண்டைநாட்டில், பெண்ணையாற்றங்கரை அரைசூரில் பாடிகொண்டிருந்தபோது, இளங்கோக்குடி அவையோரிடம் 290 காசு கொடுத்து இவ்வூர்ச் சிவன்கோயில் வழிபாட்டுக்கு வகைசெய்தான் என்று ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று இங்கேயே நின்று கூறுகின்றது. இளங்கோக்குடி! சொல்லிப் பாருங்கள், அன்பர்காள். நாவுக்கு எத்துணை இசைவு! அதனைக் கைநழுவ விட்டுக் கடலில்லாக் கடலூரார் ஆனோம்.

அந்தக் கடல், கடந்த கோடை விடுமுறையில் மெய்யாகவே எம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது; ஓர் அட்டைப்பெட்டிக்குள் வந்தது.

கொண்டுவந்தவன் என் தங்கை மகளின் மகன். அகவை 11. பெங்களூரில் படிக்கின்றான். பெட்டிக்குள் இருந்தது முகத்தில் கட்டிக்கொள்ளும் கண்ணணி ஒன்றும், இரு கைக்கும் இரண்டு பிடிகளும். கடற்கொள்ளையர் விளையாட்டு என்றான். அதனைக் கட்டிக்கொண்டு அவன் எம் வீட்டுக் கூடத்தின் நடுவே நின்று, காற்றில் கைகளைச் சுழற்றுவதும் குனிவதும் கூவுவதுமாக இருந்ததைக் கண்டு, முதல் நாள் அடுத்த வீட்டார் அஞ்சிப்போனார்கள். இரண்டாம் நாள் என்னை அழைத்தான்.

"தாத்தா, நீங்க போட்டுப் பாருங்க. இப்ப நீங்கதான் கேப்டன்."

"கேப்டன் என்று சொல்லாதே, மீகாமன் என்று சொல்" என்று உடனே திருத்தினேன்.

"சரி தாத்தா. நீங்கதான் மீகாமன்" என்று முணுமுணுப்பின்றி ஏற்றுக்கொண்டான். பிறர் சொல்லைத் திருத்துவதில் எனக்குள்ள விரைவை இவ்விதழ் அன்பர்கள் அறிவார்கள். அதற்குரிய தண்டம் சற்றுப் பொறுத்து வந்தது.

கண்ணணியைக் கட்டியவுடன் கூடம் மறைந்தது. நான் ஒரு கப்பலின் மேல்தளத்தில் நின்றேன். தலையை உயர்த்தினால் கூம்பும் பாயும், மண்டையோடு பொறித்த கருங்கொடியும், குனிந்தால் நனைந்த பலகை, இருபுறமும் நீலக்கடல். திரும்பினால் உலகமே என்னொடு திரும்பியது. கைப்பிடியை அழுத்தித் திசைச் சக்கரத்தைப் பற்றிச் சுழற்றினேன். தொலைவில் ஒரு தீவு. அதில் புதையல் என்று ஒரு குரல் காதில் சொல்லிற்று. எதிரே மற்றொரு கப்பல் வந்தது. பீரங்கிகள் வெடித்தன. (பீரங்கி என்னும் அச்சொல்லே பறங்கியரொடு வந்தது, கருவி வந்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது.) அலை எழுந்து கப்பல் சாயவும், நானும் சாய்ந்து கூடத்துத் தூணைக் கட்டிக்கொண்டேன். பின்னர் நாற்காலியில் அமர்த்தப்பட்டேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் இல்லாள், "நாற்காலியில இருந்துக்கிட்டே கப்பல் ஓட்டுதியளோ?" என்று கேட்டாள். ஓட்டினேன். கால்மணி நேரம் ஓட்டியபின் தலை சுற்றியது. கண்ணணியைக் கழற்றி மோர் வாங்கிக் குடித்தேன்.

தலை சுற்றுவதன் கரணியம் எளிது. கண்ணணிக்குள் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு சிறு திரை; இரண்டிலும் சற்றே வேறுபட்ட படம். நம் இரு கண்களும் உலகை அவ்வாறே சற்று வேறுபடக் காண்பதால், மூளை அவற்றை இணைத்து ஆழமுள்ள காட்சியாக்கிக் கொள்கின்றது. தலை அசையுந்தோறும் கருவி அதனை அளந்து, நொடிக்கு எழுபது, தொண்ணூறு முறை படத்தை மாற்றித் தருகின்றது. கப்பல் ஆடுகின்றது என்று கண் சொல்லும். நீ நாற்காலியில் அசையாது இருக்கின்றாய் என்று உட்செவி சொல்லும். இவ்விருவர் வழக்கில் வயிறு புரளுகின்றது. 1968ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஐவான் சதர்லாந்து இத்தகைய கருவியொன்றைக் கூரையிலிருந்து தொங்கவிட்டுத் தலையில் மாட்டிக் காட்டினார். இன்று அது பள்ளிச் சிறுவன் பைக்குள் அடங்கிவிட்டது.

இவ்வகைக் காட்சிக்கு மெய்நிகர் என்று நம்மவர் பெயரிட்டுள்ளனர். அதனை ஆக்கியவர் யாராயினும் வாழ்க. மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பு. உண்மைக்கு நிகராவதும், உடம்பையே நம்பவைப்பதும் ஆகிய இரண்டும் ஒரு சொல்லில் அடங்கிவிட்டன. ஆங்கிலத்தார் இரண்டு சொல்லால் சொல்வதைத் தமிழ் ஒன்றால் சொல்கின்றது. அவர்கள் சொல்லாததையும் சேர்த்துச் சொல்கின்றது. இதைப் பையனிடம் கூறி மகிழ்ந்துகொண்டிருந்தபோதுதான் அவன் கேட்டான்.

விளையாட்டில் காதுக்குள் கூவும் குரல் முழுவதும் ஆங்கிலம். அதன் மொழிப்பட்டியலைத் திறந்து பார்த்தோம், பிரெஞ்சு, செருமன், இசுபானியம், சப்பானியம், கொரியம், சீனம் எல்லாம் இருந்தன, தமிழ் இல்லை. போர்ட்டுப் பக்கம் திருப்பு, சுடார்போர்டுப் பக்கம் சுடு என்று அக்குரல் ஓயாது ஏவிக்கொண்டிருந்தது.

"தாத்தா, போர்ட்டுக்குத் தமிழ்ல என்ன? சுடார்போர்டுக்கு?"

"இடம், வலம்" என்றேன்.

"இல்ல தாத்தா. நான் பின்னாடி திரும்பி நின்னா என்னோட இடமும் வலமும் மாறிடும்ல? போர்ட்டு மாறாது. அது கப்பலோட இடம். எல்லாரும் எந்தப் பக்கம் பார்த்து நின்னாலும் அது ஒண்ணுதான். அதுக்குத்தான் தனிப்பேரு."

சிறுவன் சொன்னது முற்றும் சரி. புயலில், இருளில், ஆளுக்கொரு திசை நோக்கி நிற்கும் கடலோடிகளுக்கு நடுவே 'இடப்பக்கம்' என்று கூவினால் எவர் இடம்? அதனால்தான் கப்பலின் பக்கத்துக்கு ஆளைச் சாராத பெயர் வேண்டியிருந்தது. சுடார்போர்டு என்னும் ஆங்கிலச் சொல்லும் எந்தப் புலவனும் அமர்ந்து ஆக்கியதன்று. பண்டு அவர்கள் திசைதிருப்பும் துடுப்பைக் கப்பலின் வலப்பக்கம் கட்டினார்கள்; திருப்பும் பக்கம் என்பதே அச்சொல்லின் பொருள். துடுப்புள்ள பக்கத்தைத் துறையில் ஒட்ட முடியாது. ஆகவே மறுபக்கம் துறைப்பக்கம் ஆயிற்று. வேலை செய்தவன் வாயில் பிறந்த சொற்கள் அவை.

பையன் விடவில்லை. கப்பலின் முன்முனைக்கு என்ன? பின்முனைக்கு என்ன? பாயை இழுத்துக் கட்டும் கயிற்றுக்கு? அடியில் உள்ள நெடுமரத்துக்கு? எனக்குத் தெரிந்தவை நாவாய், வங்கம், கலம், திமில், அம்பி, பஃறி; கூம்பு, இதை, மீகாமன், கலங்கரை விளக்கம். எல்லாம் அகராதியிலும் கழக நூல்களிலும் கற்றவை, எல்லாம் பெருமைக்குரியவை. அவற்றை வைத்துச் சொற்பொழிவாற்றலாம். கப்பலோட்ட முடியாது. கடைப்பலகைகளைத் தமிழில் எழுதுங்கள் என்று இந்த ஊர்க் கடைத்தெருவில் நாற்பதாண்டுகளாக ஏறி இறங்கியவன், பதினோரகவைச் சிறுவன் முன் வாய்மூடி நின்றேன்.

அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. மெய்நிகர்க் கடலின் ஆட்டம் ஒருபுறம். இந்த நாணம் ஒருபுறம். அத்துடன் மற்றொரு கேள்வியும் எழுந்தது: பையன் விளையாடும் அந்தக் கடல் யாருடைய கடல்?

கரிபியக் கடல் என்று விளையாட்டு சொல்கின்றது. ஒற்றைக்கால் கொள்ளையன், தோளில் கிளி, புதையல் வரைபடம் ஆகியவற்றை உலகச் சிறுவர் நெஞ்சில் பதித்தது 1883இல் நூலாக வந்த இசுடீவன்சனின் புதையல் தீவுப் புதினம். 1967இல் அமெரிக்காவின் டிசுனி நிறுவனம் தன் களிப்புப் பூங்காவில் கரிபியக் கொள்ளையர் பெயரால் படகுச் செலவொன்றை அமைத்தது. அதன் பெயரிலேயே 2003 முதல் திரைப்படங்கள் வந்தன. 2000ஆம் ஆண்டில் அதே நிறுவனம் ஒர்லாந்தோ நகரில் மெய்நிகர்க் கடற்கொள்ளை விளையாட்டையே நிறுவிற்று. ஆடும் மேடை மீது கப்பல் தளம், சுற்றிலும் திரைகள். ஒருவர் சக்கரம் பிடிக்க மூவர் பீரங்கி சுடுவர். ஐந்து மணித்துளியில் ஆட்டம் முடியும். அக்கூடம் 2017இல் மூடப்பட்டது. எம் வீட்டுக்கு அட்டைப்பெட்டியில் வந்தது இவ்வழிமுறையின் கொள்ளுப்பெயரன்.

இந்தக் கதைக்கெல்லாம் முன்னோடியான உண்மைக் கொள்ளையர் யாரை அடித்துச் செல்வரானார்கள்? வில்லியம் கிட்டு என்பவனை எடுத்துக்கொள்வோம். புதைத்த புதையல் என்றாலே ஆங்கிலச் சிறுவர்க்கு நினைவில் வரும் பெயர் அது. அவனுடைய பெருங்கொள்ளை கரிபியத்தில் நடந்ததன்று. 1698 தொடக்கத்தில் நம் சேரநாட்டுக் கரையை ஒட்டி, வங்கத்திலிருந்து சூரத்துக்குப் பட்டும் மெல்லாடையும் சருக்கரையும் வெடியுப்பும் ஏற்றிச் சென்ற வணிகக் கப்பலொன்றை அவன் பிடித்தான். 'க்வெடா வணிகன்' என்பது அக்கப்பலின் பெயர். க்வெடா என்பது கெடாவின் பழைய ஆங்கில எழுத்து வடிவம். கெடா என்பது நாம் கடாரம் என்று வழங்கிய நாடு. கிட்டு அக்கப்பலிலேயே ஏறிக் கரிபியம் சென்று, அதனை அங்கே விட்டகன்றான். 1701இல் இலண்டனில் தூக்கிலிடப்பட்டான். கப்பலின் சிதைவை 2007ஆம் ஆண்டில் தொமினிக்கக் குடியரசின் கத்தலீனாத் தீவருகே, ஆளுயரத்தைச் சற்றே கடந்த நீராழத்தில் கண்டெடுத்தனர். பையன் கண்ணணிக்குள் காணும் அந்த நீலக்கடலின் அடியில் உண்மையாகவே கிடக்கும் கப்பல்களுள் ஒன்று, நம் கடலிலிருந்து களவு போன தேக்குக் கலம்!

அடுத்தவன் வில்லியம் டாம்பியர். இவன் கொள்ளையரொடு கொள்ளையனாய்த் திரிந்தவன். ஆனால் கண்டதையெல்லாம் எழுதி வைத்தவன். 1690இல் சென்னைக் கோட்டைக்கும் வந்து தங்கினான். 1697இல் வெளியிட்ட தன் உலகப் பயண நூலில், மரங்களைப் பிணைத்து ஓட்டும் மிதவைகளைக் கூறுமிடத்து, சோழமண்டலக் கரையில் இவற்றைக் கட்டுமரம் என்பர் என்று எழுதினான். ஆங்கிலத்தில் 'கட்டமரான்' புகுந்த வழிகளுள் அவன் நூல் முதன்மையானது. இன்று உலகெங்கும் இரட்டையுடற் படகுகளுக்கு அப்பெயர் வழங்குகின்றது. பையனின் விளையாட்டிலும் அப்படியொரு படகு உண்டு, அதற்கும் அப்பெயரே. நம் பரதவன் வாயிலிருந்து ஒரு கொள்ளையன் எடுத்துச் சென்ற சொல், முந்நூறு ஆண்டுகள் கழித்து ஆங்கிலப் பலுக்கலோடு அம்பாசமுத்திரத்துக்குத் திரும்பி வந்து, என் பெயரனுக்கு ஆங்கிலச் சொல்லாய் அறிமுகமாகின்றது. கட்டு, மரம் என்று பிரித்துக் காட்டியபோது அவன் கண்கள் விரிந்ததை நான் மறக்க மாட்டேன்.

இவ்விருவர்க்கும் நானூறு ஆண்டு முன்னரே நம் கடற்கொள்ளையின் இலக்கணத்தை எழுதியவன் மார்க்கோ போலோ. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், பொருநை முகத்துக் காயல் துறையின் வளத்தை வியந்த அதே வெனிசு வணிகன்தான். மலையாளக் கரையிலும் கூர்ச்சரத்திலும் ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்ட கொள்ளைக் கலங்கள் மனைவி மக்களோடு கடலேறும். இருபது முப்பது கலங்கள் கூட்டுச் சேர்ந்து, ஒன்றுக்கொன்று ஐந்தாறு கல் இடைவெளி விட்டு, நூறு கல் கடலை வேலியிட்டாற்போல் நிற்கும். வணிகக் கலமொன்று கண்ணில் பட்டால் தீயாலோ புகையாலோ அடுத்த கலத்துக்குக் குறிகாட்டும். எல்லாம் வந்து சூழும். ஆளைக் கொல்லார், போய் மறுபடியும் பொருள் ஈட்டிவா, அடுத்த முறையும் எமக்கே கிடைக்கட்டும் என்று விட்டுவிடுவராம். கூர்ச்சரக் கொள்ளையரின் வழி இன்னும் வேறு. பிடிபடும் வணிகர் முத்தையும் மணியையும் விழுங்கி மறைப்பது வழக்கமாதலின், புளியைக் கடல்நீரில் கரைத்துப் புகட்டி, வயிற்றிலுள்ளது முழுவதும் வெளிவரச் செய்து தேடுவார்களாம்.

இதைச் சொன்னபோது பையன் தரையில் புரண்டு சிரித்தான். "இதை ஏன் தாத்தா யாரும் கேமாப் போடல?" என்றான். மண்டையோட்டுக் கொடியினும் புளிக்கரைசல் அவனுக்குச் சுவையாயிருந்தது. அவ்வணிகர் விழுங்கிய முத்துகளுள் நம் மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுத்தவையும் இருந்திருக்க வேண்டும். பிளினி என்னும் உரோமரும் முதல் நூற்றாண்டிலேயே, முசிறிக்கு வரும் கலங்கள் கடற்கொள்ளையர்க்கு அஞ்சி வில்லாளரை ஏற்றி வருவதை எழுதியுள்ளார். பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தில் குமட்டூர்க் கண்ணனார் பாடும் இமயவரம்பன், கடல் நடுவே பகைவர் காத்த கடம்ப மரத்தை வெட்டி முரசு செய்தான். அப்பகைவர் கடற்கொள்ளையரே என்பது அறிஞர் பலர் துணிபு. கரிபியத்தை நாடவேண்டாத அளவுக்குக் கதை நம் கடலிலேயே கிடக்கின்றது.

இவ்விடத்தில் அன்பர் சிலர், அப்படியானால் கடாரங்கொண்ட சோழனை வைத்து விளையாட்டு ஆக்கலாமே என்று எழுந்து நிற்பதைக் காண்கிறேன். ஆக்கலாம். ஆனால் பையன் கேட்பான். 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பில் கடாரத்தரசனின் பெருஞ்செல்வத்தையும் மணிபதித்த வாயிலையும் கைக்கொண்டதை இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியே பெருமையாகக் கூறுகின்றது. நாம் அதனை வெற்றி என்கிறோம். கடாரத்துக் கிழவி தன் பெயரனுக்கு அதனை என்னவென்று சொல்லியிருப்பாள்? கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகளை இறக்கினார்கள் என்று கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய செங்கடற் செலவு நூல் கூறுகின்றது. முத்து மட்டுமா நம்முடையது? அந்தக் குற்றவாளிகளும் நம்மவர்தாமே. பெருமையை மட்டும் அள்ளிக் கொடுத்தால் பிள்ளைகள் ஒரு நாள் நம்மையே ஐயுறுவார்கள். எனக்குக் கேட்டால், 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சி. தொடங்கிய கப்பல் நிறுவனத்தை விளையாட்டாக்கச் சொல்வேன். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள். எதிரே கட்டணத்தைத் தரைமட்டமாக்கி, ஏறுவோர்க்குக் குடையும் இலவயமாகக் கொடுத்த வெள்ளைக்காரன் நிறுவனம். கருங்கொடி இல்லாமல், கையில் குடையோடு நடந்த கடற்கொள்ளை அது!

கடற்கொள்ளை என்னும் சொல் நம் கடற்கரையில் விளையாட்டுச் சொல்லாக இன்னும் மாறவில்லை என்பதையும் பையனுக்குச் சொன்னேன். நாகை மீனவர் நடுக்கடலில் இலங்கைக் கடற்கொள்ளையரால் தாக்கப்பட்டு, வலையும் பொறியும் திசைகாட்டும் கருவியும் பறிகொடுத்து, வெட்டுக்காயத்தோடு கரை திரும்பினார்கள் என்று 2025 மே திங்களிலும் செய்தித்தாள்கள் எழுதின. மலைத் தோட்டங்களில் முதுகொடிந்த நம் மக்களை ஈழத்தில் கள்ளத்தோணி என்று இழித்தழைத்த காலமும் உண்டு. தோணி என்னும் நற்றமிழ்ச் சொல்லுக்கு முன்னே கள்ளத்தை ஒட்டவைத்தார்கள். கடல்கடந்த இனத்தவரின் பிள்ளைகளுக்குக் கடற்சொல்லே வசையாயிற்று. பையன் அன்று அதன் பிறகு விளையாடவில்லை. சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்கே தோன்றியது.

அடுத்த கிழமை தூத்துக்குடிக்குப் பேருந்தேறினேன். அங்குள்ள பழைய துறையில் மரத்தோணிகள் இன்றும் உண்டு. மாலத்தீவுக்கும் இலக்கத்தீவுக்கும் சரக்கேற்றிச் செல்பவை. பாய் மட்டும் கொண்டு ஓடிய காலம் போய்ப் பொறி பூட்டிய காலம் வந்துவிட்டது. தோணித் தலைவரைத் தண்டல் என்பர். அகவை முதிர்ந்த தண்டல் ஒருவரை நண்பர் காட்டினார். அவரிடம் பையனின் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். முன்முனை அணியம், பின்முனை அமரம். நூல் தேடவில்லை, நெற்றி சுருக்கவில்லை, என்னைக் குழந்தையாகப் பார்த்துச் சொன்னார். அணியம்! அமரம்! இவற்றினும் தூய தமிழ்ச்சொல் எவனால் ஆக்க முடியும்? தெற்கிலிருந்து வரும் காற்று சோழகம்; மேற்கிலிருந்து கச்சான்; கிழக்கிலிருந்து கொண்டல்; வடக்கிலிருந்து வாடை. நீரோட்டம் நீவாடு. கடலடிப் பாறைத்திட்டு பார். கப்பலைத் திருப்புவது சுக்கான்.

சுக்கான் என்றதும் என் திருத்தும் விரல் எழுந்தது. அஃது அரபுச் சொல். சொல்லிவிடலாமா என்று எண்ணி, சொல்லாமல் அடக்கிக்கொண்டேன். ஆயிரமாண்டு ஒரே காற்றில் பாய்விரித்த இரு கடலோடி இனங்கள் தமக்குள் மாற்றிக்கொண்ட சொல் அது. அரசாணையால் தலைமேல் ஏற்றப்பட்டதன்று. அதற்குத் தனித்தமிழ் வேண்டும் என்பது என் கொள்கை. ஆனால் அச்சொல்லைத் தண்டல்களே தேடித் தரவேண்டும். அம்பாசமுத்திரத்துத் திண்ணையில் அமர்ந்து நான் ஆக்கித் தரக் கூடாது. இக்கருத்தை அன்பர்கள் சிலர் ஏற்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

நம் இயக்கம் செய்யத் தவறியது இதுவே என்று எண்ணுகின்றேன். வடசொல்லை விலக்கினோம், ஆங்கிலத்தை எதிர்த்தோம், மருத்துவர்க்கும் பொறியாளர்க்கும் சொல் படைத்தோம். கடற்கரைக்குப் போய்க் கேட்கவில்லை. வங்கம் என்பதற்குப் பத்து மேற்கோள் காட்ட வல்ல நாம், அமரம் என்பதை அறியாமல் இருந்தோம். உவரியில் பிறந்த சோ.டி.குரூசு 2004இல் ஆழி சூழ் உலகு என்னும் புதினத்தையும், 2009இல் கொற்கை என்னும் புதினத்தையும் எழுதியபோது, கடற்சொற்கள் தொகை தொகையாக அச்சேறின. பின்னதற்கு 2013இல் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. அந்நூல்களின் நடை பேச்சுநடை, கலப்புநடை என்று நம்மவர் பலர் கையிலெடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து திரும்பியபின்தான் வாங்கினேன்.

அயலான் நம் சொல்லை வேண்டுமென்றே புறக்கணிக்கின்றான் என்று சொல்லித் தப்பிக்கவும் இயலாது. 2025இல் வெளிவந்த சிவிலைசேசன் 7 என்னும் அமெரிக்கக் கணினி விளையாட்டில் சோழப்பேரரசு இடம்பெற்றுள்ளது. அதில் சோழர்க்குரிய போர்க்கப்பலின் பெயர் கலம். அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் கட்டடங்களாக உள்ளன. கண்ணணியில் ஆடும் அதன் மெய்நிகர் வடிவமும் அவ்வாண்டே வந்தது. கல்வெட்டிலும் வரலாற்று நூலிலும் அச்சாகிக் கிடைத்த சொல்லை அவன் தேடி எடுத்துக்கொண்டான்! அணியமும் அமரமும் அவனுக்குக் கிடைக்கும் இடத்தில் இல்லை, நாம் வைக்கவில்லை. விளையாட்டு ஆக்குவோன் சொல்லைக் காதால் கேட்கவும் வேண்டும்; ஏட்டில் எழுதி வைத்தால் மட்டும் போதாது. புயலில் ஒரு தண்டல் எப்படிக் கூவுவார் என்பதை அவர் குரலிலேயே பதிந்து வைத்தால்தான், நாளை ஒரு தமிழ்ப் பையன் கண்ணணிக்குள் அக்கூவலைக் கேட்பான். இல்லையேல் அவன் காதில் சுடார்போர்டுதான் ஒலிக்கும். அதற்காக அவனை நாம் கடிந்துகொள்ளவும் முடியாது.

கொற்கை ஒரு காலத்தில் கடல்மேல் இருந்தது. பொருநை கொண்டுவந்த வண்டல் துறையைத் தூர்த்தது, கடல் பின்வாங்கியது, இன்று கொற்கையில் நின்றால் வயலும் வாழையும்தான். துறை காயலுக்குப் பெயர்ந்தது, அதுவும் தூர்ந்து புன்னைக்காயலுக்குப் போயிற்று, பின்னர் தூத்துக்குடிக்கு. நீர் போனவிடமெல்லாம் கடலோடிகளும் அவர்தம் சொற்களும் கூடவே போயினர். பொறிப்படகும் திசைகாட்டும் கருவியும் வந்தபின் காற்றின் பெயர்கள் இளைஞர்க்குத் தேவையில்லாமல் போகின்றன. பாய் இறங்கிவிட்டால் பாய்க்கயிற்றின் பெயர் எதற்கு? எனக்கு விடை சொன்ன தண்டலின் மகன் துறைமுகத்தில் ஊர்தி ஓட்டுகின்றான். அவனுக்கு இச்சொற்களில் பாதி தெரியவில்லை என்று அவரே கூறினார்.

இனி, பையனின் முதற்கேள்வி. கலத்தின் இடப்புறத்துக்கும் வலப்புறத்துக்கும், நிற்பவன் திரும்பினாலும் மாறாத பெயர் உண்டா? தண்டல் சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, நாங்கள் காற்றை வைத்தும் கரையை வைத்தும்தான் பக்கம் சொல்வோம், வாடைப்பக்கம், சோழகப்பக்கம், கரைப்பக்கம் என்று என்றார். கப்பல் திரும்பினால் அப்பெயர்கள் மறுபக்கத்துக்குப் போய்விடுமே என்றேன். ஆமாம், காற்று அங்கேதானே இருக்கும் என்றார். ஆங்கிலேயன் கப்பலை நிலையாக வைத்து உலகைச் சுழற்றுகின்றான். நம் தண்டல் உலகை நிலையாக வைத்துக் கலத்தைச் சுழற்றுகின்றார். இதைத் தொலைபேசியில் சொன்னபோது பையன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படின்னா கேமையே வேற மாதிரிச் செய்யணும் தாத்தா" என்றான்.

ஆயினும் ஒரு தண்டல் சொன்னதே முடிவாகாது. பழவேற்காடு முதல் நீரோடி வரை ஒவ்வொரு துறைக்கும் ஒரு வழக்கு இருக்கும். புன்னைக்காயல், மணப்பாடு, உவரி, காயல்பட்டினம், கீழக்கரை, இராமேசுவரம், கோடியக்கரை, நாகை, கடலூர் ஆகிய ஊர்களிலும், கடல்கடந்து யாழ்ப்பாணம், வல்வெட்டித்துறை, மன்னார் ஆகிய இடங்களிலும் வாழும் அன்பர்கள், தத்தம் துறையில் முதியவர் ஒருவரைக் கண்டு, கலத்தின் இருபுறங்களுக்கும், பாயைக் கட்டும் ஒவ்வொரு கயிற்றுக்கும், அடிமரத்துக்கும் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதி விடுக்க வேண்டுகின்றேன். சொல், ஊர், எவ்வகைப் படகு என்ற மூன்றும் இருந்தால் போதும். முதியவர் இசைந்தால் அவர் குரலையும் பதிந்து வையுங்கள். பிறமொழிச் சொல்லாகத் தோன்றினாலும் திருத்தாமல், கேட்டவாறே எழுதுங்கள். பையன் அரையாண்டு விடுமுறைக்கு வருகின்றான்.